ஐந்தாவது வருடத்து நண்டு

அர்ச்சனா பி.காம். முடித்த கையோடு நண்டு விற்கப் போவதாகச் சொன்னபோது, பொன்னேரிக் கல்லூரியில் அவளோடு படித்த யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் சிரிக்க நேரமில்லை. பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்டிராக்ட் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மீதிப் பேர் அந்த வேலைக்கு ஆள் எடுப்பவரின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்கும் அங்கே கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை கிடைப்பதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம் அவளுடையது. வலை கிடையாது, படகு கிடையாது. பெண்கள் ஒரு செட்டாகச் சேர்ந்து இறங்கி, தொடையளவுத் தண்ணீரில் முட்டி போட்டு, தாடை தண்ணீரைத் தொடக் குனிந்து, சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். கழுத்தில் பனையோலைப் பறி தொங்கும். கையில் அகப்பட்டது அதற்குள் போகும். கரையேறினால் அங்கே குடை விரித்து உட்கார்ந்திருக்கும் வியாபாரி பெருமாள் பறியைத் தூக்கிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், ஒரு விலை சொல்வார். ஏரியில் ஒரு நாளும் கால் நனைக்காத மனிதர். நண்டைப் பற்றிய கடைசி வார்த்தை மட்டும் அவருடையதாக இருந்தது.

"கரையில குந்திக்கினு இருக்கிற ஆளு நமக்கு இன்னாத்துக்கு?" என்று அர்ச்சனா செட்டுக்காரிகளிடம் கேட்டாள். "நானும் உங்களோட எறங்குறேன். ஏறுனதும் நானே எட்த்துக்கினு போயி பட்டணத்துல விக்கிறேன்."

அவள் அம்மா அங்காளம்மாள் செட்டின் மூத்தவளான கோவிந்தம்மாவைப் பார்த்தாள். கோவிந்தம்மா ஏரியைப் பார்த்தாள். "எறங்குறேன்னு சொல்றாளே, அப்புறம் இன்னா" என்றாள். அவ்வளவுதான், கம்பெனி தொடங்கியது.

நன்றாகத்தான் நடந்தது. விடிகாலையில் வரிசையோடு இறங்குவாள். பிறகு நண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, அனுப்பம்பட்டில் ரயிலேறி, சென்னையில் நாலைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உயிரோடு கொண்டுபோய்க் கொடுப்பாள். வெயில் ஏற ஏறத்தான் சிக்கல். சாக்குக்குள் நண்டு செத்தது, பெட்டிக்குள் பயணிகள் கத்தினார்கள். தண்ணீர்த் தொட்டி வைத்த ஒரு சின்ன வண்டி இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி ஒரு வண்டியை இளைஞர்களுக்குச் சும்மாவே தருகிற இடம் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். எல்லாக் கெடுதலும் அந்த யாரோவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அந்த இடத்துக்கு வருங்காலத் தொழிலதிபர் வளர்ப்பு மையம் என்று பெயர். கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனால் முதலில் குளிரும், பிறகு கைதட்டுவார்கள். யார் எதைச் சொன்னாலும் கைதட்டுவது அங்கே மரபு. அர்ச்சனா தன் பெயரைச் சொன்னாள், தட்டினார்கள். ஊரைச் சொன்னாள், தட்டினார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டபோதும் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார்கள்.

மையத்தின் இயக்குநர் முனைவர் பிரகாஷ். கோட்டு போட்டுக்கொண்டு வியர்க்காமல் இருக்கத் தெரிந்தவர்.

"கம்பெனி பேரு என்னம்மா?"

"பேரெல்லாம் வைக்கல சார். நண்டு வந்துக்குதுன்னு சொன்னா கீழ எறங்கி வந்து வாங்கிப்பாங்க."

"பேர் இல்லாம நண்டு விக்கலாம். கம்பெனி நடத்த முடியாது." அன்று மாலைக்குள் கம்பெனிக்கு ஓஷன் க்ளா, அதாவது கடல் கொடுக்கு, என்று பெயர் வந்துவிட்டது.

"இது ஏரி சார்" என்றாள் அர்ச்சனா. "கடலு அந்தாண்ட இருக்குது."

"எப்பவும் ஏரியாவே இருந்துடப் போறியாம்மா?" என்று கேட்டார் முனைவர். அரங்கம் அதிர்ந்தது. அவளும் தட்டினாள்.

அடுத்து, கம்பெனியைத் தொடங்கியவர் யார் என்ற கேள்வி வந்தது. "நாங்க ஒரு செட்டு சார்" என்றாள்.

"செட்டுன்னு ஒரு பதவி கிடையாதும்மா. ஃபவுண்டர்னா ஒருத்தர்தான். கூட்டமா நின்னா போட்டோல யாரைப் பாக்கிறதுன்னு முதலீட்டாளர் குழம்பிடுவார்." ஆகவே சுவரில் மாட்டிய பெரிய அட்டையில் அவள் படம் மட்டும் வந்தது. கீழே ஓர் அம்புக்குறி போட்டு, அம்மா, கோவிந்தம்மா, செட்டில் அவள் வயசுக்காரியான ஜமுனா எல்லாரையும் சேர்த்து 'விநியோகச் சங்கிலி' என்று எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். "உங்களயெல்லாம் சங்கிலின்னு போட்டுக்கிறாங்கம்மா."

"கழுத்துல போடுறதா, கால்ல போடுறதா?" என்று கேட்டுவிட்டு அங்காளம்மாள் சோறு வடிக்கப் போனாள்.

வகுப்புகள் தொடங்கின. ஏரி எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று மையத்தை யாரும் கேட்காததுபோல, வகுப்பை எப்போது வைக்கலாம் என்று மையமும் ஏரியைக் கேட்கவில்லை. தண்ணீர் இறங்கித் துழாவ வாகாக இருக்கிற வேளையாகப் பார்த்து வகுப்பு வரும். 'களத்தோடு தொடர்பை இழக்காதிருப்பது எப்படி' என்ற வகுப்புக்காகவே அவள் ஒரு வாரம் ஏரிக்குப் போகவில்லை. அதில் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

வண்டி கிடைக்கும்வரைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள். செட்டு பிடித்துவைத்ததைச் சாயங்கால ரயிலில் கொண்டுபோனாள். ஆனால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தண்ணீரில் குனிந்திருப்பவளுக்குப் பக்கத்தில் ஆள் இருப்பது குரலால்தான் தெரியும். அதனால் வரிசை பேசிக்கொண்டேதான் நகரும். யார் வீட்டில் சண்டை, யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எல்லாம் ஒரு முனையில் புறப்பட்டு மறு முனைவரை போய்ச் சேரும். கரையேறிய பிறகு அதை யாரும் திரும்பச் சொல்வதில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் பேனர் கட்டிய அன்றுதான் ஜமுனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பது அர்ச்சனாவுக்குத் தெரிந்தது. ஜமுனா சின்ன வயசிலிருந்து அவள் பக்கத்திலேயே இறங்குகிறவள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னனே. தண்ணியில எல்லாருக்கும்தான் சொன்னேன்" என்றாள் ஜமுனா. "நீ இல்ல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அர்ச்சனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மையத்திலும் பேச ஆளில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே 'உறவு வளர்க்கும் இடைவேளை' என்று பெயர். ஒவ்வொருவரும் விசிட்டிங் கார்டை நீட்டி, தான் என்னவாகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே, எதிராளியின் தோளுக்கு மேல் இன்னும் பெரிய ஆள் யாராவது தென்படுகிறாரா என்று பார்ப்பார்கள். அர்ச்சனாவின் தோளைத் தாண்டி எல்லாரும் சுலபமாகப் பார்த்தார்கள். அவள் உறவுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு தயிர் சோற்றைத் தின்பாள்.

அப்புறம்தான் எண்ணிக்கை வந்தது. அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வழிகாட்டியின் பெயர் ரஞ்சித்குமார். மெலிந்த குரல்காரர். ஒருநாள் பேனாவைத் திறந்துகொண்டு, "முதல் வருஷம் எவ்வளவு நண்டு, இரண்டாம் வருஷம் எவ்வளவு, அப்படியே அஞ்சு வருஷத்துக்குச் சொல்லும்மா" என்றார்.

ஏரியில் இறங்குகிறவர்கள் இன்றைக்கு இவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் துணிமணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள், அபராதம் கிடையாது. சொன்னவள் கரையில், சொல்லாதவர்கள் தண்ணீரில். அர்ச்சனாவுக்கு நினைவு தெரிந்து ஒரே தடவை, கல்யாண வீட்டுக்காரர்களிடம் "நாளைக்கு ஒரு பறி நெறைய தர்றேன்" என்று வாய் தவறிச் சொன்னதற்காகக் கோவிந்தம்மாவே ஒரு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்களுக்குச் சொல்ற பழக்கம் கெடியாது சார்."

"எனக்குப் புரியுது" என்றார் ரஞ்சித்குமார். உண்மையிலேயே புரிந்த மாதிரிதான் இருந்தது. "ஆனா எண்ணிக்கை சொன்னாத்தாம்மா வண்டி."

எழுச்சி நாள் என்று ஒரு விழா வைத்தார்கள். போர்ட்டிகோவில் அந்த வண்டி நின்றது. வெள்ளை வெளேரென்று, பின்னால் தொட்டி, பக்கவாட்டில் நண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அர்ச்சனா சிரிக்கிற படம், குறுக்கே சிவப்பு ரிப்பன். அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இனி ரயிலில் கெஞ்ச வேண்டாம், ஒரு நண்டும் சாகாது. நாளையிலிருந்து காலையில் வரிசையோடு இறங்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் மேடையேறினாள்.

மேடையில் எல்லாரும் சொன்னார்கள். மொட்டை மாடியில் கீரை வளர்க்கிற பையன் ஐந்தாம் வருடம் மூன்று நாடுகளுக்குக் கீரை அனுப்புவதாகச் சொன்னான். செருப்புத் தைப்பதற்குச் செயலி செய்த பெண் ஐந்தாம் வருடம் தமிழ்நாட்டில் ஒரு செருப்பும் அறுந்திருக்காது என்றாள். அர்ச்சனாவின் முறை வந்தபோது முனைவர் பிரகாஷ் ஒலிபெருக்கியை அவள் வாயருகே பிடித்தார். முதல் வருடத்துக்கு அவள் ஒரு சின்ன அளவைச் சொன்னாள். "அவ்வளவுதானா? தைரியமா கனவு காணும்மா" என்றார். ஏற்றினாள். கைதட்டினார்கள். தட்டத் தட்ட ஏற்றினாள். ஐந்தாம் வருடத்தில் நாலாயிரம் டன் நண்டு என்றாள். ஏரியில் அத்தனை நண்டு இருந்தால் தண்ணீர் நிற்க இடம் இருக்காது. அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

மறுநாள் விடிகாலை அவள் பறியை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனபோது செட்டு இறங்காமல் காத்திருந்தது. ஜமுனாவின் போனுக்கு வீடியோ வந்திருந்தது. எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

"நல்லா பேசுன" என்றாள் கோவிந்தம்மா. "பொடவ எடுப்பா இருந்துச்சு. ஆனா எண்ணி சொல்லிட்டியேமா."

"அது மேடைக்கு சொன்னது அத்தே. வண்டிக்கோசரம் சொன்னது."

"நா கூட கல்யாணத்துக்கோசரம்தான் சொன்னேன். குந்திக்கினு இருந்தனா இல்லியா?"

"சரி, இன்னைக்கு ஒரு நாளு குந்துறேன்" என்று அர்ச்சனா பறியைக் கழற்றினாள்.

ஜமுனாதான், தயங்கித் தயங்கி, "ஒரு நாளைக்கு சொன்னா ஒரு நாளு. நீ அஞ்சு வருசத்துக்கு சொல்லிக்கிற" என்றாள்.

ஒருத்தியாவது சிரித்திருக்கலாம். சிரிப்பாள் என்று அர்ச்சனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அம்மாவின் முகத்தையும் பார்த்தாள். அங்காளம்மாள் பறியின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கோவிந்தம்மா ஒரு வழி சொன்னாள். "சொன்ன எடத்துல போயி, அது இல்லன்னு சொல்லி, வார்த்தய திருப்பி வாங்கிக்கினு வா. அவங்க சரின்னுட்டா தண்ணியும் சரின்னுடும்."

அன்றே போனாள். முனைவர் பிரகாஷ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று தட்டினார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"குறைக்கவா? அம்மாடி, நம்ம சிஸ்டத்துல எண்ணிக்கையை ஏத்தலாம். இறக்குறதுக்கு வழியே வைக்கல. வச்சா எல்லாரும் இறக்கிடுவாங்க. அப்புறம் மையம் என்ன ஆகும்?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். குரலில் ஒரு தகப்பனின் கனிவு வந்தது. "உனக்கு உள்ளதைச் சொல்றேன். இத்தனை வருஷத்துல, உங்க மையத்துலேருந்து போன கம்பெனி எத்தனை நடக்குதுன்னு எங்களை ஒருத்தர் கேட்டதில்ல. எத்தனை நடக்கப் போகுதுன்னுதான் கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு எங்ககிட்ட ரொம்ப நல்ல பதில் இருக்கு. உன் நாலாயிரம் டன்னும் அதுல ஒண்ணு. அதை எடுத்துட்டா மாநிலத்தோட வளர்ச்சியே கொஞ்சம் சரியும். ஒரு பொண்ணு ஏரியில இறங்கணும்கிறதுக்காக அதைச் செய்ய முடியுமா?"

"வண்டியாவது குடுங்க சார்."

"வண்டி உன்னோடதுதான். ரிப்பன் வெட்டணும். வெட்ட வேண்டியவர் இன்னும் தேதி தரல. வெட்டாம ஓட்டினா திறக்கப்படாத வண்டி ஓடின மாதிரி ஆகிடும். அதுக்கு இன்சூரன்ஸ் கிடையாது." பிறகு பேனாவை எடுத்தார். "வந்ததுதான் வந்த, ஆறாவது வருஷத்துக்கும் சொல்லிட்டுப் போயேன்."

வெளியே வந்தபோது, போர்ட்டிகோவிலிருந்து தள்ளி வெட்டவெளியில் நிறுத்தியிருந்த வண்டியின் தொட்டியில் ராத்திரி மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்த்துக்கொண்டிருந்தது. படியில் ரஞ்சித்குமார் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

"நானும் இங்க வளர்ந்தவன்தாம்மா. அப்பளக் கம்பெனி. எங்க வீட்டுல எல்லாருமாச் சேர்ந்து உருட்டுவோம். ஏழாவது வருஷம் சிங்கப்பூருக்குப் போறதா இருந்துச்சு."

"இப்ப எங்க சார் இருக்குது?"

"சுவத்துல" என்றார். "உன் போட்டோவுக்குப் பக்கத்துல." வேறு யாரும் உட்காராத அந்தப் படியில், டீ ஆறுகிறவரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் கரையில் செட்டிடம் நடந்ததைச் சொன்னாள். பொய் சொல்லியிருக்கலாம். திருப்பி வாங்கிவிட்டேன் என்று சொன்னால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? ஆனால் தண்ணீருக்குள் போய்ப் பக்கத்தில் இருப்பவளிடம் அந்தப் பொய்யோடு எப்படிப் பேசிக்கொண்டு நகர்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இறக்க மாட்டார்களாம், ஏற்ற மட்டும்தான் முடியுமாம் என்று அப்படியே சொன்னாள்.

கோவிந்தம்மா பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "அப்ப குந்து" என்றாள். அவள் குரலும் நன்றாக இல்லை. துணி மூட்டைகளையும் தூக்குச் சட்டிகளையும் ஒவ்வொருத்தியாக அர்ச்சனாவின் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார்கள். அங்காளம்மாள் கடைசியாக இறங்கினாள். மகளின் தலையைத் தொட நீட்டிய கையை, பறியை அலசிய கை ஈரம் என்று நினைத்தாளோ என்னவோ, பாதியில் எடுத்துக்கொண்டாள்.

பெருமாள் வந்தார். மற்ற செட்டுகள் இன்னும் அவரிடம்தான் விற்றன. வழக்கமான இடத்தில் குடையை ஊன்றினார். அர்ச்சனா வெயிலில் இருப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நிழலில் பாதியைக் காலி செய்தார்.

"வாம்மா, இப்டி குந்து. போவப் போவப் பழகிடும்" என்றார். கேலியில்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குக் காட்டுகிற மரியாதைதான் அது. அவள் போகவில்லை.

போன் அடித்தது. முனைவர் பிரகாஷ். ஆண்டு மலர் அட்டைக்கு அவள் ஏரியில் இறங்குவதுபோல ஒரு படம் வேண்டுமாம்.

"இப்ப எறங்க முடியாது சார்."

"எப்ப முடியும்?"

"அஞ்சு வருசம் ஆவும்."

"பிரமாதம். நான் சொல்லிக் கொடுத்தவங்கள்லயே நீதாம்மா நீண்டகாலத் திட்டம்னா என்னன்னு புரிஞ்சிக்கிட்டது" என்றார். "அப்ப கரையிலேயே எடுத்துக்கலாம். பக்கத்துல யாரும் இல்லாம பாத்துக்கோ."

பக்கத்தில் யாரும் இல்லை. அவள் போனை மூட்டைகளுக்கடியில் செருகிவிட்டு நிமிர்ந்தாள். வரிசை பசியாவரம் தீவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. பேச்சுச் சத்தம் மட்டும் வந்தது, என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை. ஒருத்தி கை அடுத்தவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் வரிசை நகர வேண்டும். நடுவில் இடம் விட்டால் இறால் அந்த வழியாக நழுவிவிடும். அம்மாவுக்கும் ஜமுனாவுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தண்ணீர் தெரிந்தது. எப்போதும் அவள் இறங்குகிற இடம். யாரும் நெருங்கி வந்து அதை மூடவில்லை.

தெரியாமல் விட்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகும் அந்த இடம் அப்படியே இருந்தது. அவள் எழுந்து, தண்ணீர் காலைத் தொடாத இடமாகப் பார்த்து நின்று, கையைக் குவித்துக் கத்தினாள்.

"எம்மா, நடுவுல எறா போவுது. நெருங்கிப் போங்க."

அங்காளம்மாள் தலையைத் திருப்பவில்லை. குனிந்தபடியே சொன்னது தண்ணீர் மேல் வந்து சேரக் கொஞ்ச நேரமாயிற்று.

"போனா போவுது."